இரண்டு மெலிவுகள்: கரையோர ஜீப் ஒன்றின் ஓய்வோட்டத் தடுமாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், வடமராட்சி கிழக்கைச் சேர்ந்த, கரைவலைத் தொழில் நடத்தும் உரிமையாளரான சம்மாட்டி ஒருவர் தமது ஜீப்பை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். 1999ஆம் ஆண்டில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட, 1.6 லீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட, பெற்றோலில் ஓடும் நான்குசக்கர இயக்க வாகனம் அது. பருத்தித்துறைக்கும் மருதங்கேணிக்கும் இடைப்பட்ட வீதியிலும், மணற்காட்டு மணல்மேடுகளை ஒட்டிய தடங்களிலும், கரையிலுள்ள மீன்வாடிக்கு இறங்கும் ஈர மணலிலும் கிழமைக்கு ஐந்தாறு நாட்கள் அது ஓடுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் இத்தகைய பழைய ஜீப்புகளைப் பொன்போலப் பேணுவதைத் தவிர உரிமையாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இவரும் அப்படித்தான் பேணி வந்திருந்தார்.

அவர் சொன்ன முறைப்பாட்டை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொண்டேன்: "தம்பி, ஓடேக்க ஒரு குறையுமில்லை. பிறேக் பிடிச்சு நிப்பாட்டினாத்தான் வருத்தம். ஒருக்கா உறுமும், ஒருக்கா நூந்து போகும். ஆறு மாதமாய் இதுக்குப் பின்னால திரியிறன்." அந்த ஆறு மாதங்களில் வெவ்வேறு இடங்களில் பிளக்குகளும் அவற்றின் வயர்களும் மாற்றப்பட்டிருந்தன, எஞ்சினுக்குள் போகும் வளியைத் திறந்து மூடும் திரொட்டில் கழுவப்பட்டிருந்தது, ஓய்வோட்ட வளியைக் கட்டுப்படுத்தும் வால்வு பழைய வாகனம் ஒன்றிலிருந்து கழற்றிய வேறொன்றால் மாற்றப்பட்டிருந்தது, இறுதியாக, வெளியேற்றுக் குழாயிலிருந்து எரிபொருட் கலவையின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் ஒட்சிசன் உணரி ஒன்றும் புதிதாகப் பூட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் சில நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றியது என்றும், பிறகு பழையபடியே ஆகிவிட்டது என்றும் அவர் சொன்னார்.

கராஜ்களில் ஐட்லிங் என்று சொல்லப்படும் ஓய்வோட்டம் ஏன் இவ்வளவு எளிதில் குழம்புகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சூடேறிய 1.6 லீற்றர் எஞ்சின் ஒன்று ஓய்வில் நிற்கும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 கிராம் வளியையே உள்ளெடுக்கிறது. நிமிடத்துக்கு 2500 சுற்றில் அது 7 கிராம் அளவுக்கு உயர்கிறது. எங்கோ ஒரு வெடிப்பினூடாகச் செக்கனுக்கு அரைக் கிராம் வளி திருட்டுத்தனமாக நுழைந்தால், ஓய்வோட்டத்தில் அது மொத்த வளியின் ஐந்திலொரு பங்காகிவிடுகிறது. வீதியில் ஓடும்போதோ அது பொருட்படுத்தத் தேவையற்ற சிறு பங்காகிறது. ஓடும்போது குறையில்லை, நிற்கும்போது மட்டும் வருத்தம் என்ற சம்மாட்டியின் கூற்றில் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

முதல் நாள் அளவீடுகள்

வாகனத்தை ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்துவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்கானரைப் பூட்டி எஞ்சினை ஸ்ராட் செய்தேன். குளிர்நீர் 88 பாகை செல்சியஸை எட்டியபின் பொனற்றின் உட்புற ஒட்டுத்தாளில் குறிப்பிட்டிருந்த 800 சுற்றில் அது நிற்க வேண்டும்; ஆனால் ஒரு முறை 1100இலும், அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அடுத்த முறை 600இலும் நின்றது. வளியோட்ட உணரி செக்கனுக்கு 1.9 கிராம் என்று காட்டியது. எஞ்சின் கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேலாகச் சேர்க்கும் எரிபொருளின் அளவு, நீண்டகாலத் திருத்தமும் குறுகியகாலத் திருத்தமும் சேர்ந்து, ஓய்வோட்டத்தில் 24 வீதமாக இருந்தது. 2500 சுற்றில் அது 6 வீதத்துக்கு இறங்கியது. எரிபொருள் பம்போ வடியோ பழுதாக இருந்திருந்தால் சுற்று ஏற ஏறப் பற்றாக்குறை கூடியிருக்கும். இங்கே அது குறைந்தது. கலவையின் மெலிவு, அதாவது வளிக்கேற்ற எரிபொருள் போதாமை, வளியோட்ட உணரியின் கணக்கில் வராத வளியால் உண்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சிலிண்டர்களுக்கு வளியைப் பகிரும் மனிபோல்டில் வெற்றிட மானியைப் பூட்டியபோது முள் 15 பாதரச அங்குலத்தில் நின்று மெல்ல ஆடியது. யாழ்ப்பாணம் போன்று கடல் மட்டத்தில் கிடக்கும் ஊரில் நல்ல எஞ்சின் ஒன்று 18 முதல் 21 அங்குலம் வரை காட்ட வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அமுக்கமும் சதுர அங்குலத்துக்கு 170 இறாத்தலைச் சுற்றியே இருந்தது. எரிபொருள் அழுத்தமும் சரியாக இருந்தது. இவற்றில் நேரம் செலவிட வேண்டியிருக்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது மட்டும் ஒரு முரண்பாடு தென்பட்டது. மெலிந்த கலவையில் எரிந்த பிளக் வெளிறிப்போயிருக்கும் என்பது தொழில் பழகும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதமே பழகிய இந்தப் பிளக்குகளின் நுனியில் உலர்ந்த கரிப்பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டால் வெல்வெற்றுப்போல மென்மையாக ஒட்டிக்கொண்டது. வாடிக்கும் வீட்டுக்குமான குறுந்தூர ஓட்டத்தின் விளைவு அது என்று எண்ணி, குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அதைக் கடந்து சென்றேன். அது என் பிழை. அந்தக் கரி சொல்ல வந்த செய்தியை அன்று கேட்டிருந்தால் சம்மாட்டி இரண்டாம் முறை வரவேண்டி இருந்திருக்காது.

திருகப்பட்ட திருகாணி

ஒரு முறை 1100, ஒரு முறை 600 என்ற தாவலுக்கு வளிக்கசிவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஸ்கானரில் திரொட்டில் மூடிய நிலையைக் காட்டும் வரியைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, காலை அக்சிலேற்றரில் வைக்காமல் இருக்கும்போதே அது 'ஆம்', 'இல்லை' என்று மாறி மாறித் துடித்தது. ரோச் வெளிச்சத்தில் திரொட்டிலின் நிறுத்தத் திருகாணியைப் பார்த்தேன். தொழிற்சாலையில் இடப்பட்ட மஞ்சள் வண்ண முத்திரை உடைந்து, திருகாணியின் தலையில் ஸ்குறூ டிறைவரின் புதிய கீறல்கள் பளபளத்தன.

நடந்ததைக் கோர்வையாக்கிப் பார்க்க முடிந்தது. தொடக்க மாதங்களில் காலையில் எஞ்சின் சூடேறும்போது 1100க்கும் 1800க்கும் இடையே அலைபோல ஏறி இறங்கியது என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். கசிவினூடாக வரும் மேலதிக வளியால் சுற்று ஏறுகிறது, திரொட்டில் மூடியிருக்கையில் சுற்று ஓர் எல்லையைக் கடந்தால், வாகனம் இறக்கத்தில் உருண்டு செல்கிறது என்று கணினி கருதி எரிபொருளை நிறுத்துகிறது, சுற்று விழுந்ததும் மீண்டும் கொடுக்கிறது, மீண்டும் ஏறுகிறது. யாரோ ஒருவர் இதை அடக்குவதற்காக நிறுத்தத் திருகாணியை உள்ளே திருகியிருக்கிறார். திரொட்டில் இம்மியளவு திறந்து கொண்டதும், அது மூடியிருக்கிறது என்று சொல்லும் தொடுமுனை விலகிவிட, எரிபொருள் நிறுத்தமும் நின்றது, அலையும் நின்றது, நோய் தீர்ந்தது போலத் தோன்றியது. ஆனால் அதே கணத்தில், தான் ஓய்வோட்டத்தில் இருப்பதையே கணினி அறியாது போயிற்று. சுற்று கூடிவிட்டது என்று பின்னர் வேறொருவர் திருகாணியைச் சற்றே வெளியே எடுத்திருக்க வேண்டும்; தொடுமுனை தொட்டும் தொடாமலும் எல்லைக் கோட்டில் நின்றுவிட்டது.

திருகாணியைத் திருகியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல் கிடைக்காதிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிய ஊர் இது. காபரேற்றரின் திருகாணியைக் கால் சுற்றுத் திருகிவிட்டுக் காதால் கேட்டே எஞ்சினை நிலைக்குக் கொண்டுவந்தவர்களிடம்தான் என் தலைமுறை தொழில் பழகியது. அந்தக் காதுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். எனினும், கணினியால் ஓடும் எஞ்சினில் அந்தத் திருகாணி ஓய்வோட்டத்தைச் சரிசெய்யும் இடமன்று. திரொட்டில் தட்டு குழாயின் சுவரில் சிக்காமல் காப்பது மட்டுமே அதன் வேலை. சுற்றைத் தீர்மானிப்பது கணினி திறந்து மூடும் வால்வு. மூடிய திரொட்டில் எது என்பதைக் கணினிக்குச் சொல்வது தொடுமுனை. திருகாணியைத் தொட்டால் இரண்டும் ஒருங்கே பொய்த்துவிடுகின்றன.

கைநூலின்படி, திருகாணிக்கும் நெம்புக்கும் இடையே 0.5 மில்லிமீற்றர்த் தகட்டை வைத்தால் தொடுமுனை மூடியிருக்க வேண்டும், 0.8 மில்லிமீற்றர்த் தகட்டுக்குத் திறக்க வேண்டும். மல்ரிமீற்றரையும் இடைவெளித் தகடுகளையும் வைத்து அந்த நிலைக்குக் கொண்டுவந்து, திருகாணியில் புதிதாக வண்ணமிட்டேன். உடனே பழைய அலை திரும்பி வந்தது. உரிமையாளரின் முகம் வாடியது. எனக்கோ அது நல்ல சகுனம். மறைத்து வைக்கப்பட்டிருந்த நோய் இப்போது தன் சொந்த முகத்தோடு வெளியே வந்திருந்தது.

புகை காட்டிய வெடிப்பு

கசிவைத் தேடுவதற்கு எரியக்கூடிய திரவத்தைச் சூடான எஞ்சினில் விசிறும் வழக்கம் பரவலாக உண்டு. வெளியேற்று மனிபோல்டின் மேல் ஒரு துளி விழுந்தால் தீப்பற்றக்கூடிய அந்த முறையை நான் கைவிட்டு நெடுங்காலமாகிறது. எங்கள் கராஜில் இருப்பது கையால் செய்த புகைக் கருவி: பழைய பெயின்ற் பேணி ஒன்றின் மூடியில் டீசல் எஞ்சினின் குளோ பிளக் ஒன்றைப் பூட்டி, உள்ளே குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயில் ஊறிய பருத்தித் திரியை வைத்து, ஒரு பக்கத்தில் வளி நுழையவும் மறு பக்கத்தில் புகை வெளியேறவும் இரு குழாய்கள் பற்றவைக்கப்பட்டவை. வளியைக் கொடுப்பது பாதி ஊதிய சைக்கிள் ரியூப். கொம்பிரசரை நேரடியாகப் பூட்டக் கூடாது. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தலுக்கும் குறைந்த அழுத்தமே போதும், அதற்கு மேல் போனால் நல்ல இரப்பர்களும் கழன்றுவிடும்.

எஞ்சினை நிறுத்தி, வளிவடியின் பக்கத்தை ரியூப் துண்டு ஒன்றால் கட்டியடைத்து, பிறேக் பூஸ்ரரின் குழாய் வழியே புகையைச் செலுத்தினோம். ஒரு நிமிடம் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு மனிபோல்டின் பின்புறத்தில், எஞ்சினுக்கும் தகரச் சுவருக்கும் இடையிலுள்ள கைநுழையா இடுக்கிலிருந்து, சாம்பிராணித் தட்டிலிருந்து எழுவதுபோல ஒரு வெண்ணிற இழை எழுந்தது. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே பிடித்துப் பார்த்தபோது இடம் தெரிந்தது: கிராங்கு அறையின் ஆவியை மனிபோல்டுக்குக் கொண்டுவரும் இரப்பர்க் குழாயின் வளைவில், அடிப்பக்கமாக, ஒரு விரல்நக அளவு நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் குழாய் புதியதுபோல இருந்தது. எண்ணெய் ஆவியில் ஊறி அதன் உட்புறம் இளகிப் பஞ்சுபோல ஆகியிருந்தது. விரலால் வளைத்தபோது வெடிப்பு மீன்வாய்போலத் திறந்து மூடியது. வெற்றிடம் இழுக்க இழுக்க அதன் வாய் ஒரே அளவில் நில்லாது என்பதால், ஒரு நாள் இருந்ததுபோல மறுநாள் இல்லாத ஓய்வோட்டத்துக்கும் இதுவே காரணமாயிற்று.

எண்ணெயைத் தாங்கும் வகையான புதிய குழாயைப் பூட்டி, கணினியின் பழைய திருத்தங்களை அழித்துவிட்டு, ஏ.சி.யோ விளக்கோ போடாமல் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். சுற்று 800இல் நின்றது. வளியோட்டம் செக்கனுக்கு 2.4 கிராமாகவும் வெற்றிடம் 19 அங்குலமாகவும் உயர்ந்தன. மொத்தத் திருத்தம் 3 வீதத்துக்கு இறங்கியது. வாகனத்தைக் கொடுத்தனுப்பினேன்.

ஆறாம் நாள் சம்மாட்டி மீண்டும் வந்தார்.

இரண்டாவது மெலிவு

"பகலில தங்கம், தம்பி. இரவு கரையால திரும்பேக்கதான் சந்தியில நிண்டு நடுங்குது. மழையெண்டு கண்ணாடியைப் பூட்டி ஏ.சி. போட்டா நூந்தே போகுது." இரவு, மழை, ஏ.சி. என்ற மூன்று சொற்களும் மின்சுமையையே சுட்டின. ஆயினும் ஏ.சி. என்பது தெளிவான சாட்சியன்று; கொம்பிரசர் எஞ்சினின் சுமையைக் கூட்டும், கணினியும் அதற்கேற்ப வால்வைத் திறக்கும். ஆகவே கொம்பிரசரின் மின்னிணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, மின்சுமையைத் தனியாகச் சோதித்தேன். கணினி மேலதிகமாகக் கொடுக்கும் எரிபொருளின் அளவைக் காட்டும் குறுகியகாலத் திருத்தம், எந்தச் சுமையும் இல்லாதபோது 2 வீதத்தில் நின்றது. தலைவிளக்குகளைப் போட்டபோதும் அசையவில்லை. ஊதி விசிறியைக் கடைசி வேகத்துக்கும் திருப்பி, ஏ.சி.யின் முன்விசிறியையும் இயக்கியதும், திருத்தம் படிப்படியாக ஏறி 20 வீதத்தைத் தொட்டது. எஞ்சின் தடுமாறத் தொடங்கியது.

கணினி மீண்டும் மெலிவு என்கிறது. ஆனால் வெளியேற்றுக் குழாயின் வாயில் நின்றவர்களின் கண் எரிந்தது; கழற்றிய பிளக்கின் கரி முன்னையதைவிடக் கறுப்பாக இருந்தது. எஞ்சின் உண்மையில் எரிபொருள் மிகுந்த, செறிந்த கலவையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கையில், அது பட்டினி கிடக்கிறது என்று நம்பிக் கணினி இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தது. முதலாவது மெலிவு உண்மை. இரண்டாவது மெலிவு பொய். ஸ்கானரின் திரையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். பிளக்கின் நிறம் அவற்றைப் பிரித்துக் காட்டும். முதல் நாளே அது காட்டியிருந்தது.

பொய் சொல்வது யார் என்று காண மல்ரிமீற்றரே போதுமானதாக இருந்தது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மறைமுனையில் வைத்து, சுமைகள் அனைத்தும் ஓடுகையில் மற்ற முனையை ஒவ்வோரிடமாகத் தொட்டேன். எஞ்சின் உடலில் 0.03 வோல்ற்று; அது சரியானது. வாகனத்தின் தகர உடலில் 1.1 வோல்ற்று. கணினியின் ஏர்த் வயரில் 0.48 வோல்ற்று. தலைவிளக்குகள் மட்டும் எரிந்தபோது அதே வயரில் 0.2 வோல்ற்றே இருந்தது. உணரிகளின் ஏர்த் பக்கம் 0.05 வோல்ற்றுக்கு மேல் எப்போதும் எழக் கூடாது.

இந்த எண்களே கதையை முழுமையாக்கின. இந்த ஜீப்பின் ஒட்சிசன் உணரி தன் ஏர்த்தை வெளியேற்றுக் குழாயின் உலோகத்திலிருந்து, அதாவது எஞ்சினிலிருந்து பெறுகிறது. கணினியோ உணரியின் சமிக்ஞையைத் தன் சொந்த ஏர்த்தோடு ஒப்பிட்டு அளக்கிறது. கணினியின் ஏர்த் 0.48 வோல்ற்று மேலே மிதக்கும்போது, செறிந்த கலவையில் உணரி தரும் ஏறத்தாழ 0.85 வோல்ற்றும் கணினிக்கு 0.37ஆகவே தெரிகிறது. மெலிவையும் செறிவையும் பிரிக்கும் எல்லை 0.45 வோல்ற்று. எவ்வளவு பெற்றோலை ஊற்றினாலும் சமிக்ஞை அந்த எல்லையைக் கடக்காததால், கணினி தன் எல்லை வரை ஊற்றிக்கொண்டே போகிறது. விளக்குகள் மட்டும் எரிந்தபோது மிதப்பு 0.2 வோல்ற்றாக இருந்ததால் சமிக்ஞை எல்லையைக் கடக்க முடிந்தது. ஆகவே வருத்தமும் தெரியவில்லை. புதிய உணரியை வாங்கிப் பூட்டியும் பயன் கிட்டாததன் காரணமும் இதுவே. பழைய உணரியும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தகர உடலை எஞ்சினோடு இணைக்கும் பின்னல் ஏர்த் பட்டி, எஞ்சினின் பின்புறத்தில் தகரச் சுவரை ஒட்டிக் கிடந்தது. போல்ற்றைக் கழற்றியதும் பட்டியின் நுனி கையோடு வந்துவிட்டது. செப்பு இழைகள் இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு மட்டுமே எஞ்சியிருந்தது. ஊதினால் பறக்கும் பொடி. பற்றறியின் மறைமுனையிலிருந்து மட்காட்டுக்குப் போகும் சிறிய வயரின் நுனியும் அதே நிலையில் இருந்தது. கடற்கரையின் ஈர மணல் சில்லுகளால் எறியப்பட்டு அந்த இடுக்கில் தங்குகிறது. மாலையில் வாகனத்தைக் கழுவும் கிணற்று நீரும் அந்தப் பகுதியில் உவர். இரு பாதைகளும் அடைபட்டபின், விளக்கும் விசிறியும் இழுத்த மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழி தேடி, கணினியின் உலோகப் பெட்டியினூடே புகுந்து, அதன் மெல்லிய ஏர்த் வயர் வழியாக எஞ்சினை அடைந்திருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன், மற்றொரு வாகனத்தின் பற்றறியிலிருந்து ஸ்ராட் கொடுக்கப் பயன்படும் தடித்த வயரை எடுத்து, ஒரு முனையை எஞ்சினின் தூக்குக் கொளுக்கியிலும் மறுமுனையைத் தகர உடலின் சுரண்டிய இடத்திலும் பிடித்தேன். கணினியின் ஏர்த் 0.03 வோல்ற்றுக்கு விழுந்தது. பத்து செக்கனுக்குள் திருத்தம் 20 வீதத்திலிருந்து 2 வீதத்துக்கு இறங்கியது; எஞ்சின் ஒரு முறை பெருமூச்சு விட்டதுபோலத் தணிந்து 800இல் நின்றது. வயரை எடுத்தேன், தடுமாறியது. மீண்டும் வைத்தேன், சீராகியது. பக்கத்தில் நின்ற சம்மாட்டி வயரைத் தம் கையில் வாங்கி, தாமே இரண்டு முறை வைத்தும் எடுத்தும் பார்த்தார்.

ஸ்ராட்டர் மோட்டாருக்குப் பயன்படும் 25 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரில் இரண்டு பட்டிகள் செய்தோம். ஒன்று பின்புறத்துக்கு, மற்றது பற்றறியிலிருந்து மட்காட்டுக்கு. தொடும் இடங்களில் பெயின்றையும் துருவையும் உலோகம் வெள்ளியாகத் தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷரை வைத்து இறுக்கிய பிறகே கிறீஸ் பூசினோம். இந்த வரிசை முக்கியமானது. முதலில் கிறீஸைப் பூசி அதன் மேல் இறுக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறேன். உலோகத்தோடு உலோகம் சேர வேண்டிய இடத்தில் கிறீஸ் படலம் இடையே நின்றுவிடுகிறது. பின்புறப் பட்டியின் இருப்பிடத்தையும் மாற்றி, மணல் தெறிக்காத மேற்புறத்துக்குக் கொண்டுவந்தோம்.

மார்கழி நடுவில், தொடர் மழைக்குப் பின்னர், வாகனத்தை ஒரு மாலை வரவழைத்து அளந்தேன். எல்லாச் சுமைகளும் ஓடுகையில் கணினியின் ஏர்த்தில் 0.02 வோல்ற்று, மொத்தத் திருத்தம் 4 வீதம், ஏ.சி. பிடிக்கும்போது சுற்று 50 அளவுக்கு விழுந்து உடனே எழுந்தது. பிளக்குகளில் கரி இல்லை. நான்கும் இளம் பழுப்பு நிறத்தில் இருந்தன. மட்காட்டின் பக்கத்து வயர் நுனியில் மட்டும் மெல்லிய வெண்பூப் படிந்திருந்ததால், அதைத் துடைத்து மீண்டும் இறுக்கினேன். பங்குனியில், கடல் காற்று மாறும்போது, திரும்பவும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.